‘கிளாஸ்’ தரமா, வகையா?

‘கிளாஸ்’, ‘சிஸ்டம்’ ஆகிய இரண்டு சொற்களுக்கும் எல்லாத் துறைகளுக்கும் பொருந்தும்படி ஒரே தமிழ்ச்சொல்லை நிலைநிறுத்த வேண்டும் என்று கலைச்சொல் ஆர்வலர்கள் சிலர் வாதிடுவதுண்டு. அதில் எனக்கு உடன்பாடு இல்லை. ‘கிளாஸ்’ சில இடங்களில் உயர்வு தாழ்வைக் குறிக்கிறது. சில இடங்களில் வேறுபாட்டை மட்டுமே குறிக்கிறது. இவற்றைப் பிரித்துக் காட்டத் தரம், வர்க்கம், வகை, வகுப்பு என்று தனித்தனிச் சொற்கள் நம்மிடம் இருக்கையில், ஆங்கிலத்தின் மயக்கத்தையும் சேர்த்து நாம் ஏன் கடன் வாங்க வேண்டும்?

ரயிலில் அது ஐயத்துக்கு இடமின்றித் தரம்தான். பிரிட்டனில் மிட்லண்ட் ரயில்வே 1875இல் இரண்டாம் வகுப்பை ஒழித்தது. பிற நிறுவனங்களும் மெல்ல அதே வழியில் செல்ல, முதலும் மூன்றும் இருந்து பெரும்பாலும் இரண்டு இல்லாத விசித்திரமான வரிசை நெடுங்காலம் நீடித்தது. 1956இல் மூன்றாம் வகுப்புக்கு ‘இரண்டாம் வகுப்பு’ என்று பெயர் சூட்டினார்கள். இருக்கை அதேதான், பெயர் மட்டும் ஒரு படி ஏறியது.

நிரலாக்கத்தில் இந்த ஏற்றத்தாழ்வு கிடையாது. நார்வேயின் ஓலே யோஹான் டாலும் கிறிஸ்டன் நைகார்டும் உருவாக்கிய சிமுலா 67 மொழியில் அறிமுகமான ‘கிளாஸ்’, ஒரே அமைப்புள்ள பொருள்களை வார்த்தெடுக்கும் அச்சு, அவ்வளவே. இணைய முகவரிகளின் கதை இன்னும் சுவையானது. 1981இன் நெறிமுறையில் ஏ, பி, சி என்று பிரித்தது தேர்வு மதிப்பெண்போலத் தோன்றினாலும், உண்மையில் அவை அளவுகள்: ஏ வகை வலையமைப்பில் ஏறத்தாழ 1.68 கோடிக் கருவிகளுக்கு இடமுண்டு, பி வகையில் 65,534, சி வகையில் 254. ஆயிரம் கருவிகள் வைத்திருந்த நிறுவனத்துக்குச் சி போதாது என்பதால் அது பி வாங்கியது, எஞ்சிய அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முகவரிகள் வீணாயின. 1993இல் வந்த புதிய முறை இந்தப் பிரிவுகளைக் கைவிட்டது. அதன் பெயரிலேயே ‘கிளாஸ் அற்ற’ என்ற அடைமொழி இருக்கிறது. சமூகம் எட்டாத வர்க்கமின்மையை முகவரிகள் எட்டிவிட்டன!

1974இல் வெளியான ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டில் ஆடுபவர் ஏற்கும் போர்வீரர், மந்திரவாதி, மதகுரு என்ற பாத்திர வகைகளே ‘கிளாஸ்’. ஏற்றத்தைக் காட்டுவதற்கு ‘லெவல்’ தனியே உண்டு. ஆனால் அதே விளையாட்டின் ‘ஆர்மர் கிளாஸ்’ வெறும் பாதுகாப்பு எண்.

அரசியலில் இரண்டு பொருளும் உண்டு. பண்டைய ரோமில் சொத்து மதிப்பின்படி குடிமக்களைப் பிரித்து, செல்வரை முதலில் வாக்களிக்கச் செய்தார்கள்; அவர்களே பெரும்பான்மையை எட்டிவிட்டால் ஏழைகளின் முறை வராமலே போகும். அது வர்க்கம். அமெரிக்க செனட்டிலும் மூன்று ‘கிளாஸ்’ உள்ளன. அவை உறுப்பினரின் 6 ஆண்டுப் பதவிக்காலம் எந்த ஆண்டில் முடிகிறது என்பதை மட்டுமே சொல்கின்றன. அதை வர்க்கம் என்று பெயர்த்தால் நகைப்புக்கு இடமாகும், ‘பிரிவு’ போதும்.

‘சிஸ்டம்’ விஷயத்தில் தமிழ் இந்த வேலையை முன்பே செய்து முடித்துவிட்டது. சூரியக் குடும்பம், நரம்பு மண்டலம், இயங்குதளம், ஆட்சிமுறை என்று இடத்துக்கேற்ற சொற்கள் வேரூன்றிவிட்டன. மிச்சமிருப்பது பேச்சுவழக்கு. ‘சிஸ்டம் சரியில்லை’ என்று கவுன்ட்டரில் இருப்பவர் சொன்னால் கணினி பழுது, மேடையில் இருப்பவர் சொன்னால் ஆட்சி பழுது. எழுதும்போது முன்னதைக் கணினி என்றும் பின்னதை ஆட்சிமுறை என்றும்தான் நான் எழுதுகிறேன். பொதுச்சொல் ஒன்று இல்லையே என்று இதுவரை தடுமாறியதில்லை.