இறங்கவிட்டால்தானே ஐயா ஏற முடியும்!

நேற்று சாயங்காலம் டெல்லி மெட்ரோ ரயிலில் ராஜீவ் சவுக் ஸ்டேஷனில் இறங்க வேண்டிய நான் அடுத்த ஸ்டேஷனான படேல் சவுக்கில் இறங்கினேன். தூங்கிப்போகவில்லை. போனிலும் மூழ்கியிருக்கவில்லை. நியூ டெல்லி ஸ்டேஷன் தாண்டியதுமே பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு கதவுக்கு நேராக நின்றுவிட்டேன். கதவு திறந்தது. தூக்கிய கால் தரையைத் தொடுவதற்குள் பிளாட்பாரத்தில் நின்ற மொத்தக் கூட்டமும் உள்ளே பாய்ந்து, என்னை வாரிக்கொண்டு போய் எதிர்க்கதவில் அப்பிவிட்டது. "பெஹலே உதர்னே தோ", முதலில் இறங்க விடுங்கள் என்று நானும் இன்னும் நாலு பேரும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கும்போதே கதவு மூடிக்கொண்டது.

உள்ளே இருக்கிறவன் வெளியே வந்தால்தானே உனக்கு நிற்க இடம் கிடைக்கும்? நிறைகுடத்தில் மேற்கொண்டு தண்ணீர் ஊற்றுவாயா? இதைப் புரிந்துகொள்ளப் பட்டப்படிப்பா வேண்டும்?

எனக்கு வேலை சிவில் லைன்ஸில், வீடு மயூர் விஹார் ஃபேஸ் ஒன்றில். மஞ்சள் லைனில் வந்து ராஜீவ் சவுக்கில் மாறி நீல லைன் பிடிக்க வேண்டும். கீழே மஞ்சள், மேலே நீலம், அதற்கும் மேலே கனாட் பிளேஸ் கடைவீதி. இரண்டு லைனும் இங்கே வந்தது 2005-ல். அந்த வருஷம் பிறந்த பிள்ளைக்கு மீசை முளைத்துவிட்டது. கதவோரம் ஒதுங்கி நிற்கத்தான் இன்னும் யாரும் பழகவில்லை.

சரி, ஒருவழியாக இறங்கிவிட்டோம் என்றால், எஸ்கலேட்டர் முடிகிற இடத்தில் சரியாக நின்று வீட்டுக்குப் போன் போடுகிற மகராசன் ஒருவர் இருப்பார். பின்னால் படி ஆட்களைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கிறது. அவருக்கோ இரவு என்ன சப்ஜி என்று இப்போதே தெரிந்தாக வேண்டும்!

மேலே போனால் நோய்டா, வைஷாலி கூத்து. நீல லைன் யமுனா பேங்க் ஸ்டேஷனில் நோய்டாவுக்கு ஒன்று, வைஷாலிக்கு ஒன்று என்று இரண்டாகப் பிரிகிறது. எந்த வண்டி எங்கே போகிறது என்று தலைக்கு மேலே போர்டில் ஓடுகிறது, அறிவிப்பும் வருகிறது. ஆனாலும் ஒரு கால் வண்டியில், ஒரு கால் பிளாட்பாரத்தில் என்று வாசலை அடைத்துக்கொண்டு, "பாய் சாப், யே நோய்டா ஜாயேகி?", இது நோய்டா போகுமா என்று ஒருவர் கேட்பார். உள்ளேயிருந்து ஒருவர் ஆமாம் என்பார், இன்னொருவர் இல்லை என்பார். கால் இருந்த இடத்திலேயே இருக்கும். தப்பான வண்டியில் ஏறினால் யமுனா பேங்கில் இறங்கி அடுத்ததைப் பிடித்துக்கொள்ளேன்! குடியா முழுகிப்போகும்?

ஆபீஸ் நண்பர் ஒருவர், காஷ்மீரி கேட்டில் வயலட் லைனுக்கு மாறி, மண்டி ஹவுஸில் நீல லைன் பிடித்தால் ராஜீவ் சவுக் பக்கமே வர வேண்டாம் என்றார். அதாவது ஒரு குஸ்திக்குப் பதில் இரண்டு குஸ்தி. நல்லா இருக்கு யோசனை.

நானும் யோக்கியனில்லை. ஒருநாள் அவசரத்தில் இடித்துக்கொண்டு ஏறியிருக்கிறேன். ஒரு பாட்டி பார்த்த பார்வை இன்னும் முதுகில் குத்துகிறது.

நேற்றைய கதைக்கு வருகிறேன். படேல் சவுக்கிலிருந்து எதிர் வண்டி பிடித்துத் திரும்பினேன். மறுபடி ராஜீவ் சவுக், மறுபடி அதே பாய்ச்சல். இந்தத் தடவை விடுவதில்லை என்று முழங்கையை முன்னால் நீட்டிக்கொண்டு இறங்கினேன். என் மேல் மோதிக்கொண்டே ஏறிய காலேஜ் பையன் திரும்பிப் பார்த்துச் சொல்கிறான்: "அங்கிள், தக்கா மத் தோ."

நான் தள்ளுகிறேனாம்!