'ஹராகிரி' சாமுராய்ப் பெருமை பாடும் படமில்லை

தம்பி, "ஹராகிரி குரோசாவாவின் படம், தோற்ற வீரனின் மானத்தைப் போற்றுவது" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் பிழை. 1962இல் அந்த ஜப்பானியப் படத்தை எடுத்தவர் மசாகி கோபயாஷி என்ற இயக்குநர். உப்புவெளியில் நண்பர் வீட்டில் போன கிழமைதான் திரும்பப் பார்த்தோம். வறுமையில் வாளை விற்றுவிட்ட ஒரு சாமுராயின் மருமகனை, ஒரு பிரபு வீட்டார் இடுப்பிலிருந்த மூங்கில் வாளாலேயே வயிற்றைக் கிழிக்க வைக்கிறார்கள். இதிலே எங்கே மானம்? என் வாளை விற்க எனக்குத் தோன்றவேயில்லையே என்று மாமனார் உடைந்துபோகும் இடத்தில் நாங்கள் ஒருவரும் கதைக்கவில்லை. அப்புறம் முடிவு: அந்த மாமனார் வெட்டிக் கொன்றவர்கள் எல்லாம் நோயில் இறந்ததாக அந்தப் பிரபு வீட்டுப் பதிவேட்டில் எழுதிவிடுகிறார்கள். சரி, நீங்கள் பார்த்தது 2011இல் தகாஷி மியிகே என்ற இயக்குநர் எடுத்த மறுஆக்கமோ? அதுவும் இதே கதைதான்.