கவுண்டர்ல உக்காந்தாத்தான் பேங்க் தெரியுமா?

பாளையங்கோட்டைக் கூட்டத்துல நடந்ததப் பத்தி எல்லாரும் எழுதிட்டீங்க. எனக்கு இன்னும் ஆறல. பேங்க் பத்தி ஆராய்ச்சி பண்ணி, நம்ம பிள்ளைகளுக்குப் பாடமும் எடுத்த மேடம் பேசிட்டு இருக்கும்போதே அண்ணாச்சி ஒருத்தர் எந்திரிச்சு, "நீங்க என்னைக்காவது கவுண்டர்ல உக்காந்து பணம் எண்ணியிருக்கீங்களா?"ன்னு கேக்குறதும், அதுக்குக் கைதட்டும்!

அண்ணாச்சி, பணம் எண்ணுறது ஒரு வேலை. பேங்க் ஏன் விழுதுன்னு ஆராயுறது வேற வேலை. நாம போட்ட பணத்த எப்ப வேணா கேக்கலாம். ஆனா அது பல வருசக் கடனா வெளிய நிக்குது. அதனால நல்லா நடக்குற பேங்க்கூட, எல்லாரும் ஒரே நாள்ல வந்து நின்னா சாஞ்சிடும். 1983-ல டயமண்ட், டிப்விக்னு ரெண்டு பொருளாதார அறிஞர்கள் எழுதுனது இதத்தான். 2022-ல பெர்னான்கிங்கிற இன்னொரு அறிஞரோட சேத்து அவங்களுக்குப் பொருளாதார நோபல் குடுத்தாங்க. அணையில நீர்மட்டம் பாக்குறவர்கிட்ட, நீ என்னைக்காவது மடை திறந்திருக்கியான்னு கேப்பீங்களா?

இது வெளிநாட்டுக் கதையும் இல்ல. 1960-ல பக்கத்துக் கேரளாவுல பாலாய் சென்ட்ரல் பேங்க் மூடுச்சு. அதுக்கப்புறம்தான் 1962-ல, பேங்க் விழுந்தாலும் நாம போட்ட பணத்துக்கு ஈடு குடுக்குற டெபாசிட் காப்பீடு வந்துச்சு, 1,500 ரூபா வரைக்கும். 2020-ல இருந்து 5 லட்சம்.

மேடம் ஏட்டுப் படிப்ப மட்டும் பேசுறவங்களும் இல்ல. அவங்களோட மேலப்பாளையத்துக்குச் சர்வேக்குப் போனவன் நான். ஒரு அக்கா மடியில பீடித்தட்ட வச்சுக்கிட்டே செல்போன நீட்டுனாங்க. ஆப்ல கடன் 5,000. கைக்கு வந்தது 3,000. ஏழு நாள்ல முழுசாக் கட்டணும். தவறுனதும் அவங்க போட்டோ சொந்தக்காரங்க போனுக்கெல்லாம் போயிருக்கு. புடிச்ச 2,000-த்த 'கட்டணம்'னு எழுதப் போன என் கைய மேடம் நிறுத்துனாங்க. "அவன் என்ன பேரும் வச்சுக்கிடட்டும், நமக்கு இது வட்டிதாம்ப்பா." எல்லாக் கட்டணத்தையும் சேத்து வருச வட்டியாக் காட்டணும், போன்ல இருக்குற நம்பர்களத் தொடக்கூடாதுன்னு ரிசர்வ் வங்கி விதி போட்டது 2022-ல. மேடம் அதுக்கு முன்னாடியே வகுப்புல கத்திக்கிட்டு இருந்தாங்க.

"2008 உலக நிதி நெருக்கடிய எந்தப் படிச்சவன் முன்னாடியே சொன்னான்?"னு வருவீங்க. பின்னாடி ரிசர்வ் வங்கி கவர்னரான ரகுராம் ராஜன், 2005-லயே அமெரிக்காவுல நடந்த ஜாக்சன் ஹோல் பொருளாதார மாநாட்டுல எச்சரிச்சார். அங்கயும் மட்டந்தட்டத்தான் செஞ்சாங்க. "மேடம் பேசுறது புரியல"ன்னா, புரியலன்னு கேளுங்க. கேட்டா எத்தன தடவ வேணா சொல்லுவாங்க.

இன்னொன்னு. அந்த இடத்துல கோட்டுப் போட்ட ஒரு ஆம்பள நின்னிருந்தா அந்தக் கேள்வி வந்திருக்குமா? வெளியூர்ல எங்க வேணா வேலைக்குப் போயிருக்கலாம் அவங்க. இங்கயே இருந்து நம்ம பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தாங்க. கைதட்டுனதுல பாதிப்பேர் அவங்ககிட்டப் படிச்சவங்க. அதான் தாங்கல.

வருத்தம் சொல்லணும்னா அவங்க வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்க அண்ணாச்சி. எனக்கு இன்பாக்ஸ்ல வந்து "சும்மாதான் கேட்டேன்"னு எழுத வேண்டாம்.