டயர் நிறுவனம் கைவிடவில்லை

'வாய்ஸ் ஆஃப் ஃபயர்ஸ்டோன்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி இசை நிகழ்ச்சி 1959இல் நின்றதற்கு, விளம்பரதாரரான ஃபயர்ஸ்டோன் டயர் நிறுவனம் பணத்தை நிறுத்தியதே காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். கதை தலைகீழ். டயர் நிறுவனம் செலவழிக்கத் தயாராகவே இருந்தது. பார்ப்பவர்கள் குறைவு, முன்னும் பின்னும் வரும் நிகழ்ச்சிகளும் அடிவாங்குகின்றன என்று அதைக் கைகழுவியது, ஒளிபரப்பிய ஏபிசி தொலைக்காட்சிதான். 1954இலேயே, அதற்குமுன் ஒளிபரப்பிய என்பிசி தொலைக்காட்சி திங்கள் இரவு எட்டரை மணியை விட்டுத்தரச் சொன்னது. நிறுவனம் மசியாமல் நிகழ்ச்சியோடு ஏபிசிக்குப் போய்விட்டது. பணம்தான் சிக்கல் என்றால் 1962இல் நிகழ்ச்சி மீண்டும் வந்திருக்குமா?

இன்னொன்று, அது தொலைக்காட்சியில் பிறந்ததும் அல்ல. 1928 முதல் வானொலியில் ஒலித்தது. 1949இல்தான் படமும் சேர்ந்தது. முகப்புப் பாடலுக்கு இசையமைத்தவரே நிறுவனர் ஹார்வி ஃபயர்ஸ்டோனின் மனைவி ஐடபெல். அவ்வளவு வீட்டுச் சொத்து அது!