கால்வாய்லதான் விட்டாங்களாம்

மூணு நாளா பொறுத்துப் பார்த்தேன், முடியலை. பாலாத்துப் பாலத்துக்குக் கீழ நுரை பொங்கின அந்த வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீங்க. பாதிப் பேர் எனக்கே திருப்பி அனுப்பினீங்க. ஆம்பூரை ஒட்டின மாதனூர் பக்கம் பொறந்தவனுக்கு நுரை ஒண்ணும் புதுசு இல்லை. என் தூக்கத்தைக் கெடுத்தது அதுக்கு டேனரி, அதான் தோல் பதனிடுற ஆலைங்க தரப்புலேர்ந்து வந்த விளக்கம்தான். "ஆத்துல நாங்க ஒரு சொட்டுகூட விடலை. கால்வாய்லதான் விட்டோம். அதுவும் அளவுக்கு உட்பட்டுத்தான்."

அந்தக் கால்வாய் எங்கண்ணா போகுது? திருப்பதிக்கா?

அளவு அளவுன்னு சொல்றீங்களே, அதைக் கொஞ்சம் பார்ப்போம். சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளோட ஆறாவது அட்டவணையில கழிவுநீருக்கான பொது அளவு இருக்கு. ஆத்துல, ஏரியில விடணும்னா பிஓடி, அதாவது தண்ணியில இருக்கிற அழுக்கைத் தின்ன நுண்ணுயிருக்குத் தேவைப்படுற ஆக்சிஜன், லிட்டருக்கு 30 மில்லிகிராம் தாண்டக்கூடாது. பொதுச் சாக்கடையில விட்டா 350 வரைக்கும் போகலாம். ஆறு இணைதிறன் குரோமியம்ங்கிற விஷ உலோகம் ஆத்துக்கு 0.1 மில்லிகிராம், சாக்கடைக்கு 2. இருபது மடங்கு! ஏன் இவ்வளவு தாராளம்? சாக்கடை நேரா ஒரு சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும், அங்க நுண்ணுயிர் வச்சு இன்னொரு தரம் சுத்தம் பண்ணுவாங்கங்கிற நம்பிக்கையில. இது நான் கட்டின கதை இல்லை. அப்படிப் போனாத்தான் இந்த அளவு செல்லும்னு அதே அட்டவணையிலேயே அடிக்குறிப்பு போட்டிருக்கு. பெரிய எழுத்துல இருக்கிற 350 கண்ணுக்குத் தெரியுது, சின்ன எழுத்துல இருக்கிற நிபந்தனை மட்டும் தெரியலை. கண்ணாடி மாத்துங்க சார்.

நம்ம ஊர்ல சாக்கடைன்னா என்ன? மூடி இல்லாத கால்வாய். டீக்கடை ஓரமா வந்து, பள்ளிக்கூடத்தைச் சுத்தி, நேரா பாலாத்துல போய் விழுது. நடுவுல ஒரு தொட்டிகூட கிடையாது. அப்போ அது சாக்கடை இல்லை, ஆத்தோட வாய். கால்வாய்ல விட்டா ஆத்துல விட்ட மாதிரிதான். இன்னொரு தரம் சொல்றேன்: கால்வாய்ல விட்டா ஆத்துல விட்ட மாதிரிதான்.

"ஆத்துல தண்ணியே ஓடலையே, எதை மாசுபடுத்துறது?"ன்னு ஒருத்தர் சிரிப்பு பொம்மையோட கேட்டிருந்தார். 1974 தண்ணீர்ச் சட்டத்தைப் படிங்க தலைவரே. ஓடினாலும் சரி, இப்போதைக்குக் காய்ஞ்சு கிடந்தாலும் சரி, நீரோட்டம் நீரோட்டம்தான்னு அதுல எழுதியிருக்கு. பாலாத்தைப் பார்த்துட்டுத்தான் எழுதினாங்களோ என்னவோ. அதே சட்டத்தோட 24ஆம் பிரிவு ஆறு, கிணறு, சாக்கடை, நிலம் எதுலயும் வரம்பை மீறி விஷத்தைத் தெரிஞ்சே விடக்கூடாதுங்குது. சாக்கடையும் அந்தப் பட்டியல்ல இருக்குண்ணா.

எங்க ஆயா காலத்துல பாலாத்து மணலை ரெண்டடி பறிச்சா ஊத்து. கொட்டாங்குச்சியில மொண்டு குடத்தை ரொப்பிட்டு வருவாங்களாம். நான் பார்த்தது எங்க கிணத்தைத்தான். அதுல சோப்பு நுரைக்காது. ஆத்துல சோப்பே இல்லாம நுரைக்குது, அதிசயம்தான்.

இதைச் சொல்லலாமா வேணாமான்னு தெரியலை, சொல்லிடுறேன். அண்ணனுக்கு ஒரு இடம் அமைஞ்சு பொண்ணு வீட்டார் வீடு பார்க்க வந்தாங்க. ரெண்டு கேன் நல்ல தண்ணி வாங்கி வைடான்னு அம்மா காலையிலேயே சொன்னாங்க. கிரிக்கெட் ஆடப் போய் நான் மறந்துட்டேன். வேற வழியில்லாம கிணத்துத் தண்ணியில டீ போட்டாங்க, திரிஞ்சு போச்சு. பொண்ணோட தாய்மாமன் டம்ளரைக் கீழ வச்சிட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார், "தண்ணி எங்கிருந்து எடுக்கிறீங்க?" அவ்வளவுதான், பேச்சு முடிஞ்சுது. அண்ணன் இன்னைக்கு வரைக்கும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்.

"டேனரி சோத்துல வளர்ந்துட்டு டேனரியைத் திட்டுறியா?"ன்னு வருவீங்க, தெரியும். ஆமா, அந்தச் சோறுதான். நைனா இருபது வருசத்துக்கு மேல சுண்ணாம்புத் தொட்டியில தோல் தூக்கினவர். வெட்டு விழாத விரல் கிடையாது, நகம் எல்லாம் கரைஞ்சு போயிருக்கும். ஆம்பூர் ஷூ ஃபேக்டரிக்குப் போற எங்க அக்கா மாதிரி பொம்பளைங்க சம்பளத்துலதான் இந்தப் பக்கம் பல வீட்டுல அடுப்பு எரியுது. மூடுன்னு நான் எங்கயாவது சொன்னேனா? சொல்லாததுக்குப் பதில் சொல்ல வைக்காதீங்க. தோல் கழிவுல இருக்கிற உப்பைப் பிரிக்கணும்னா ஆர்ஓ போடணும், மிச்சத்தை ஆவியாக்கணும், கரண்டு பில் ஏறும். நுண்ணுயிர் அழுக்கைத் தின்னும், உப்பைத் தின்னாது. செலவு அதிகம்னு நேரா சொல்லுங்க, மரியாதை தர்றேன். "கால்வாய்லதான்"னு மட்டும் சொல்லாதீங்க.

ஊர்ச் சாக்கடையும் அதே ஆத்துலதானே கலக்குது? கலக்குது. தப்புதான். அதுக்குத் தனியா திட்டுறேன்.

இதுல மதத்தை இழுத்துட்டு வர்றவங்க இப்பவே கிளம்பிடுங்க. அந்தத் தண்ணி பள்ளிவாசல் தெருவுலயும் வருது, மாரியம்மன் கோயில் தெருவுலயும் வருது.

"கோர்ட்டுக்குப் போகலாமே"ன்னு சுலபமா சொல்றாங்க. இந்தியாவுல சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிற ஒவ்வொரு மாணவனும் படிக்கிற வழக்கு எங்க மாவட்டத்து வழக்குதான் சாமி. 1996 ஆகஸ்ட் 28, வேலூர் குடிமக்கள் நலமன்றம் போட்ட வழக்கு. மாசுபடுத்தினவன்தான் பணம் கட்டணும்னு உச்ச நீதிமன்றம் அதுல அழுத்திச் சொல்லுச்சு. தோல் தொழிற்சாலைப் பகுதியில சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் கெட்டுப்போச்சுன்னு அந்தத் தீர்ப்புலயே இருக்கு. அப்புறம் 2025 ஜனவரி 30, அதே உச்ச நீதிமன்றம், அதே பாலாறு. இழப்பீட்டை அரசு கொடுத்துட்டு மாசுபடுத்தினவங்ககிட்ட வசூல் பண்ணிக்கோன்னு உத்தரவு. நடுவுல 28 வருசம். மாவட்டத்தைக்கூட மூணாப் பிரிச்சுட்டாங்க, நுரையைப் பிரிக்க முடியலை.

2015 ஜனவரி 31 யாருக்காவது ஞாபகம் இருக்கா? ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டை. பொது சுத்திகரிப்பு நிலையத்துல கழிவுத் தொட்டிச் சுவர் உடைஞ்சு, ராத்திரி தூங்கிட்டிருந்த 10 பேர் சேத்துல மூழ்கிச் செத்தாங்க. பெரும்பாலும் மேற்கு வங்கத்துலேர்ந்து பொழைக்க வந்த பசங்க. சுத்தம் பண்ணாலும் கழிவு காணாமப் போயிடாது, தண்ணியிலேர்ந்து சேத்துக்கு இடம் மாறும். அன்னைக்கு நைனா டிவியை அணைச்சிட்டுப் போய்க் கிணத்து மேட்டுல உட்கார்ந்துட்டார். அந்தக் கிணத்துல குடிக்கத் தண்ணி எடுக்கிறதை நிறுத்தியே பல வருசம் ஆச்சு. ஆனா உட்கார அவருக்கு வேற இடம் தெரியலை.

எங்கயோ ஆரம்பிச்சு எங்கயோ வந்துட்டேன். நாளைக்கு ராத்திரி மழை இருக்குன்னு சொல்லியிருக்காங்க. மழை ராத்திரியிலதான் கால்வாய் பொங்கும், எப்படின்னு உங்களுக்குத் தெரியும். போனுக்கு சார்ஜ் போட்டு வச்சிருக்கேன். விடிகாலை நாலு மணிக்குப் பாலத்துக்கு வர்றவங்க வாங்க, டார்ச் மட்டும் எடுத்துக்கோங்க.