டன்மோரின் கல் அன்னாசி

ஸ்காட்லாந்தில் ஏர்த் கிராமத்துக்குப் பக்கத்தில், டன்மோர் பிரபுவின் பழைய தோட்டத்தில் ஒரு மண்டபம் இருக்கிறது. அதன் தலையில் உட்கார்ந்திருப்பது கோபுரமும் இல்லை, கும்மட்டமும் இல்லை, பிரம்மாண்டமான ஒரு கல் அன்னாசிப்பழம். படத்தைப் பகிர்கிறவர்கள் "பணக்காரக் கிறுக்கு" என்று ஒரு வரி எழுதிச் சிரித்துவிட்டுப் போகிறார்கள். கிறுக்குதான், மறுக்கவில்லை. ஆனால் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி அந்த இலைகளைப் பாருங்கள்.

ஒவ்வொரு கல் இலையும் வெளிப்பக்கம் வளைந்து நிற்கிறது. அந்த ஊர்க் குளிரில் வளைவுக்குள் மழைத்தண்ணீர் தேங்கினால் உறையும், உறைந்தால் கல் பிளக்கும். அதனால் இலைக்கு இலை தனித்தனியாகத் தண்ணீர் வடிய வழி வைத்து, அடிவரிசை இலைகளையும் சரிவு பார்த்துச் செதுக்கி, தண்ணீர் நிற்கவே இடம் கொடுக்காமல் விட்டிருக்கிறார்கள். வாசல் வளைவில் 1761 என்று பொறித்திருக்கிறது. எங்கள் வீட்டு சன்ஷேடு மூன்றாவது மழைக்கே ஒழுக ஆரம்பித்தது, அதை யாரும் விளையாட்டுக்குக் கட்டவில்லை!

கீழே பார்த்தால் இலக்கணம் தவறாத டஸ்கன் தூண்கள், பழைய ரோமானிய பாணியில் எளிமையானவை. மேலே போகப் போக பழைய ஐரோப்பியத் தேவாலயங்களில் பார்க்கிற கூர்நுனி கோதிக் ஜன்னல்கள், அந்த வளைவுகளின் நுனியிலேயே இலை துளிர்க்கத் தொடங்கிவிடுகிறது. கட்டடம் எங்கே முடிகிறது, பழம் எங்கே ஆரம்பிக்கிறது என்று கோடு கிழிக்க முடியாது. பிரபு அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஆளுநராக இருந்துவிட்டு 1777-இல் திரும்பிய பிறகுதான் பழத்தை மேலே ஏற்றினார் என்றும் ஒரு பேச்சு உண்டு. என் கண்ணுக்கு அடியிலிருந்து உச்சி வரை ஒரே கை வேலையாகத்தான் தெரிகிறது. அந்தக் கை யாருடையது என்பதற்கு ஒரு துண்டுத்தாள்கூட இல்லை, பெயர் முழுக்கப் பிரபுவுக்கே போய்விட்டது.

அப்புறம் அந்தத் தோட்டத்து மதில். உள்ளே இடைவெளி விட்டு, உலைச்சூட்டில் காய்ந்த காற்றை அதற்குள் ஓடவிட்டு, அந்த வெப்பத்தில் நிஜ அன்னாசியே வளர்த்தார்கள். நாம் உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தின்கிற பழத்துக்கு அங்கே அவ்வளவு பாடு. புகைபோக்கிகள் கண்ணை உறுத்தக்கூடாதென்று அவற்றுக்குக் கல்ஜாடி வேஷம் வேறு.

தோட்டக்காரர்கள் தங்கியிருந்த இரண்டு பக்க அறைகளையும் இப்போது பழைய கட்டடங்களைக் காக்கும் லேண்ட்மார்க் டிரஸ்ட் என்ற அமைப்பு விடுமுறைக்கு வாடகைக்கு விடுகிறது. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக வெளியே வந்துதான் போகவேண்டும். மழை பெய்தால் மேலே இலைகள் தண்ணீரை வடித்துவிடும், கீழே நீங்கள் குடை பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.