வால்சக்கரம் தரை தொட்ட பிறகுதான் வேலை

“சக்கரங்கள் தரை தொட்டதும் ஆபத்து முடிந்தது; சிங்கப்பூரின் சிலேத்தார் விமான நிலையத்தில், மூன்றாம் சக்கரம் மூக்கின் கீழுள்ள மூக்குச்சக்கர விமானத்தில் பயின்றவருக்கு, அது வாலின் கீழுள்ள வால்சக்கர விமானம் பழக ஐந்து மணி நேரம் போதும்” என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. வால்சக்கர விமானத்தின் எடைமையம் முதன்மைச் சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், தரையில் மூக்கு சற்றே விலகினாலும் பின்பாரம் அந்த விலகலைப் பெரிதாக்கி, விமானத்தையே சுழற்றி, இறக்கையைத் தரையில் உரசவைத்துவிடக்கூடும். மூக்குச்சக்கர விமானத்திலோ அதே பாரம் அதை நேராக்க உதவும். வேகம் குறையக் குறைய, கால்மிதிகளால் திருப்பும் வால்சுக்கானுக்குக் காற்றின் பிடியும் தளர்வதால், இறங்கிய பின்புதான் கால்களுக்கு வேலை அதிகம். ஆஸ்திரேலியாவில் நான் பழகியபோது, ஓட்டம் முழுதும் அடங்கும்வரை கட்டுக்கோலை (விமானத்தை இயக்கக் கையில் பிடிக்கும் கோலை) வயிற்றோடு இழுத்துப் பிடித்திருந்தேன் (சட்டைப் பொத்தான் ஒன்று அதில் போயிற்று). அமெரிக்க விதியும் இதற்கு மணிக்கணக்கு வகுக்கவில்லை. பக்கக்காற்றில் ஏறி இறங்குவது உட்படத் தேர்ச்சி பெற்றதாகப் பயிற்றுநர் கையொப்பமிடுவதையே கேட்கிறது.